42,000 ரூபாய்க்கு ஒரு ‘பழைய’ டைவிங் வாட்ச்: எந்த பார்ட் எந்த வயது?

நவி மும்பை வாஷியிலிருந்து நண்பர் கேட்டது இதுதான். வாட்ஸ்ஆப்பில் ஒரு வியாபாரி அவருக்கு ரோலெக்ஸ் சப்மரைனர் 5513 மாதிரியில் ஒரு டைவிங் வாட்ச் காட்டியிருக்கிறார். கேஸும் (வாட்சின் உடம்பு) பெசலும் (கண்ணாடியைச் சுற்றித் திருகும் வளையம்) புதிதாகச் செய்தவை, டயல் “1970 காலத்து ஒரிஜினல் ட்ரிட்டியம்” (இருட்டில் மின்னும் பழைய கதிர்வீச்சுப் பூச்சு), மிஷின் “ஸ்விஸ் ஈட்டா 2824” (ஈட்டா மிஷின் செய்யும் கம்பெனி), ஸ்டீல் “கம்பெனி போடும் அதே 904எல்” (ஒரு ஸ்டீல் ரகம்). விலை 42,000 ரூபாய். கூடவே நான்கு படங்கள். இது ஒரிஜினலா, பார்ட்ஸ் தரமானதா, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்.

முழு வாட்சும் ஒரிஜினலா என்று நீங்கள் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அது உங்களுக்கே தெரியும். நிஜமான 5513 லட்சக்கணக்கில் விற்கிறது, 42,000க்கு அதன் டயல்கூட வராது. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: வியாபாரி ஒவ்வொரு பார்ட்டைப் பற்றியும் சொன்னதில் எது நிஜம், பொய்யாக இருக்கும் பார்ட்டும் கையில் கட்டித் திரிய உழைக்குமா? இவை இரண்டு தனிக் கேள்விகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். ஐம்பது வருடப் பழைய அசல் சாவி (பக்கவாட்டில் திருகும் குமிழ்) ஒன்று மரை தேய்ந்து தண்ணீர் உள்ளே விடும். போன மாதம் சீனாவில் செய்த சாவி அசல் இல்லை, ஆனால் தண்ணீர் விடாது. எது வேண்டும் என்று முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தாராவி 90 அடி சாலையில் மாமாவின் ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்து தொழில் கற்றேன். இப்போது மாட்டுங்காவில் சொந்தமாகச் சின்ன மேஜை. இருபத்து நான்கு வருடமாகிறது. என் கை பழகியது சீக்கோ, சிட்டிசன், எச்எம்டி, ஃபேவர் லூபா. ரோலெக்ஸ் பழைய மிஷின்களும் திறந்திருக்கிறேன், ஆனால் முப்பது நாற்பதுக்கு மேல் இருக்காது. அதனால் 5513 டயலின் எழுத்து அச்சை வைத்து வருடம் சொல்லும் அளவுக்கு எனக்குக் கண் கிடையாது. மிஷின், கேஸ், தண்ணீர் இந்த மூன்றைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன்.

நம் ஊரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய வாட்ச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க ‘மும்பை ஸ்பெஷல்’ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். டயலுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்து, நாலு வாட்சின் உறுப்புகளை ஒன்றாகக் கோத்து விற்கும் சரக்குக்கு அந்தப் பெயர். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மோசடியாகத் தொடங்கவில்லை. ஃபேவர் லூபா 1865லேயே பம்பாய்க்கு வியாபாரத்துக்கு வந்துவிட்டது, எச்எம்டி 1961ல் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. நடுவில் வெளிநாட்டு வாட்சுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு, ஸ்பேர் பார்ட்ஸ் பஞ்சம். டயல் கறுத்துப்போன வாட்சை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் எங்கே போவார்? பெயிண்ட் அடித்துக் கொடுப்பதுதான் அன்றைக்கு ரிப்பேர். மாமா காலத்தில் “ரீடயல் பண்ணியது” என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். சொல்லாமல் விற்க ஆரம்பித்த பிறகுதான் அது வேறு தொழிலானது.

சரி, உங்கள் வாட்சுக்கு வருகிறேன். நான் பார்க்கும் முறை எளியது: ஒவ்வொரு பார்ட்டிடமும் தனித்தனியாக வயசு கேட்பேன். எல்லாம் ஒரே வயசு சொன்னால் நம்பலாம். அண்ணன் தம்பி என்று வந்த இருவரில் தம்பி மூத்தவனாக இருந்தால் எங்கோ பொய் இருக்கிறது. வியாபாரி சொன்ன 904எல் அப்படி ஒரு தம்பி. ரோலெக்ஸ் 904எல் ஸ்டீலில் கேஸ் செய்யத் தொடங்கியது 1985ல். 1970 மாதிரி என்று சொல்லும் வாட்சுக்கு “அதே 904எல்” என்றால், எதன் அதே? அந்தக் காலத்து 5513 சாதாரண ஸ்டீல்தான். புதுக் கேஸை நிஜமாகவே 904எல் ஸ்டீலில் செய்திருக்கலாம், அதை வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்திலேயே வியாபாரிக்கு வாட்ச் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார் என்று புரிகிறது. ஸ்டீலின் நம்பரை விட அது ஸ்டீல்தானா என்பதைப் பாருங்கள். மலிவு காப்பிகளில் பித்தளைக்கு மேல் வெள்ளை முலாம் பூசியிருப்பார்கள். செயின் மாட்டும் காதுகளின் உள்பக்கத்திலும், பின்மூடி உட்காரும் விளிம்பிலும் ஐ கிளாஸ் (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால் மஞ்சள் எட்டிப் பார்க்கும். 42,000க்கு அப்படி இருக்காது என்று நம்புவோம்.

அடுத்து பெசல். உங்கள் மூன்றாவது படத்துக்குக் கீழே “120 கிளிக், ஒரே பக்கம் சுற்றும்” என்று பெருமையாக எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். 5513 பெசலில் கிளிக்கே கிடையாது. இரண்டு பக்கமும் இழுவையாகச் சுற்றும், டப்பா மூடியைத் திருகுவது போல. 1962ல் வந்த மாடல், 1980களின் கடைசி வரை விற்றார்கள், கடைசி வரை இப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் சுற்றி டக் டக் என்று நிற்பது பிந்தைய மாடல்களின் சமாச்சாரம். ஆக உங்கள் வாட்சின் பெசல் பழசைப் பார்த்துச் செய்ததே இல்லை, இன்றைய வாட்சின் பொறியமைப்புக்குப் பழைய முகம் ஒட்டியது. தரத்துக்கு இது குறை இல்லை. நிஜமாகத் தண்ணீரில் இறங்குபவருக்கு ஒரே பக்கம் சுற்றும் பெசல்தான் பாதுகாப்பு, தவறிச் சுற்றினாலும் மிச்சமிருக்கும் நேரத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. ஆனால் அசலுக்கு நெருக்கம் என்று காசு கேட்டால் இங்கே அது இல்லை.

டயல்தான் பெரிய விஷயம், ஏனென்றால் உங்களிடம் கேட்கும் காசில் பாதி அந்த ஒரு சொல்லுக்கு: ‘ட்ரிட்டியம்’. நம் ஊரில் இருட்டில் மின்னும் எதற்கும் ரேடியம் என்றே பெயர், பைக் ஸ்டிக்கர் உட்பட. வாட்ச் டயலில் மூன்று தலைமுறை உண்டு. முதலில் நிஜமான ரேடியம், ரோலெக்ஸில் 1960களின் தொடக்கம் வரை. பிறகு ட்ரிட்டியம், 1990களின் கடைசி வரை. அதற்குப் பிறகு கதிர்வீச்சே இல்லாமல், வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மின்னும் லூமினோவா வகை. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். 1975 டயல் என்றால் இன்றைக்கு ஐம்பது வருடம், நாலு அரை ஆயுள், பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதோடு கலந்திருக்கும் பாஸ்பரும் (மின்னும் பொடி) தேய்ந்துபோயிருக்கும். எனவே இருட்டறையில் டார்ச் அடித்து அணைத்தபின் அந்தப் புள்ளிகள் பச்சையாக நிமிஷக் கணக்கில் மின்னினால், டயலின் அடியில் ‘ஸ்விஸ் டி<25’ என்று எழுதியிருந்தாலும் அது ட்ரிட்டியம் இல்லை. அந்த டி ட்ரிட்டியத்தைக் குறிப்பது, 25 என்பது 25 மில்லிகியூரிக்குள் என்ற அளவு. எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அரை ஆயுளை அச்சடிக்க முடியாது. நிஜப் பழைய ட்ரிட்டியம் அல்ட்ரா வயலட் டார்ச்சில் லேசாக ஒளிர்ந்து, டார்ச் போனதும் அதுவும் உடனே போய்விடும்.

இந்தச் சோதனை ஒரு பக்கம் மட்டுமே உறுதி. மின்னினால் பொய் என்று அடித்துச் சொல்லலாம், அல்லது மேலே யாரோ புதுசாகப் பூசியிருக்கிறார்கள். மின்னாவிட்டால் நிஜம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் மின்னாத பெயிண்டைக் குழைத்துப் பூசினாலும் மின்னாது. அந்தக் காபி நிறப் பழுப்பு இருக்கிறதே, சேர்ப்பவர்கள் உயிரை விடுவது, அதை டீத்தூளிலிருந்து அடுப்புச் சூடு வரை எல்லாவற்றாலும் வரவைக்கிறார்கள். இயற்கையாகப் பழுத்த டயலில் புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், முள்ளில் இருக்கும் பூச்சு டயலோடு அச்சாகப் பொருந்தாமல் ஒரு சாயல் விலகி நிற்கும் என்பது என் அனுபவம். பன்னிரண்டும் ஒரே நிறத்தில், ஒரே வட்டமாக, முள்ளும் அதே நிறத்தில் இருந்தால் எனக்கு உறுத்தும். ஆனால் இது உறுத்தல்தான், சாட்சி இல்லை. இதைவைத்து யாரையும் பொய்யர் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை இங்கேயே. 1950களின் டயல் என்று எது கைக்கு வந்தாலும் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். பாஸ்பர் செத்துப்போய் மின்னுவது நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்காது. கண்ணாடிக்குள் இருக்கும்வரை பயமில்லை, தூளாக மூச்சில் போவதுதான் ஆபத்து. மாமா காலத்தில் இதையெல்லாம் நாக்கில் தொட்ட பிரஷ்ஷால் பூசியவர்கள் உண்டு. அந்தக் கதை வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். அசல் டயல், ஆனால் அந்த வாட்சோடு பிறக்காதது என்று ஒரு வகை இருக்கிறது. சர்வீஸுக்குப் போன வாட்சில் கம்பெனியே பழைய டயலைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிடும். 1980களின் நடுவிலிருந்து 5513க்கு வந்த டயல் பளபளப்பானது, புள்ளிகளைச் சுற்றி வெள்ளைத் தங்க வளையம் இருக்கும். 1970 நம்பர் உள்ள கேஸில் அந்த வளைய டயல் இருந்தால் டயல் பொய்யில்லை, ஜோடிதான் பொய். உங்கள் வாட்சுக்கு இது பொருந்தாது, கேஸே புதுசு என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் நாளைக்கு வேறொன்று வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

மிஷினுக்கு வருவோம், இங்கே எனக்குத் தெளிவு அதிகம். பின்மூடி திறக்காமலே வீட்டில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். போனில் ஸ்லோ மோஷனில் நொடி முள்ளை மட்டும் நெருக்கமாக வீடியோ எடுங்கள். முள் ஒரு ஐந்து நொடிக் குறியிலிருந்து அடுத்த குறிக்குப் போவதற்குள் எத்தனை தாவல் என்று பொறுமையாக எண்ணுங்கள். ஈட்டா 2824-2 மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு, ஐந்து நொடிக்கு நாற்பது. சீன மலிவு மிஷின் டிஜி2813 மணிக்கு 21,600, ஐந்து நொடிக்கு முப்பது. ஜப்பான் மிஷின் மியோட்டா 8215ம் அதே முப்பது. நிஜ 5513ல் இருக்கும் 1520 மிஷின் 19,800, ஐந்து நொடிக்கு இருபத்தேழரை. முப்பது வந்தால் பேச்சே வேண்டாம், ஈட்டா இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். நாற்பது வந்தால்? ஈட்டாவாக இருக்கலாம், சுவிட்சர்லாந்தில் அதை அப்படியே பார்த்துச் செய்யும் செலிட்டா எஸ்டபிள்யூ200 ஆக இருக்கலாம், சீனாவின் சீகல் எஸ்டி2130 ஆகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே துடிப்பு. துடிப்பை வைத்து அதற்கு மேல் பிரிக்க முடியாது.

சாவியும் கொஞ்சம் பேசும். மரையைக் கழற்றி, மெதுவாக ஒரு படி இழுங்கள். தேதி இல்லாத 5513ல் ஒரே படிதான், உடனே நேரம் மாற்றும். உங்கள் வாட்சில் நடுவில் ஒரு படி வந்து, அங்கே சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காமல் உள்ளே ஏதோ சொடக்கு மட்டும் போட்டால், தேதி உள்ள மிஷினைத் தேதி ஜன்னல் இல்லாத டயலுக்கு அடியில் மறைத்திருக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டுக்கு யாரும் பார்க்காத தேதி அங்கே மாறிக்கொண்டிருக்கும். வியாபாரி ஈட்டா 2824 என்று ஒத்துக்கொண்டதால் உங்களுக்கு இது அதிர்ச்சி இல்லை. ‘ரோலெக்ஸ் மிஷின்’ என்று சொல்லி விற்கிறவரிடம் இந்த ஒரு சொடக்கே போதும்.

பின்மூடி திறந்தால்தான் முழுக் கதை. திறக்க விடாத வியாபாரியிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான். திறந்ததும் நான் முதலில் பார்ப்பது மிஷினை இல்லை, அதைச் சுற்றியிருக்கும் வளையத்தை. மிஷினும் கேஸும் ஒருவருக்கொருவர் அளவெடுத்துச் செய்திருந்தால் மெட்டல் வளையமும், அதில் அழுத்திப் பிடிக்கும் இரண்டு சின்னத் தகடும் ஸ்க்ரூவும் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக் வளையம் தளதளவென்று ஆடினால், அந்தக் கேஸ் வேறு எதற்கோ செய்தது. இரண்டாவது, டயலின் கால். நல்ல டயலின் முதுகில் இரண்டு சன்னக் கால்கள் உண்டு, அவை மிஷினில் உள்ள துளையில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மிஷின் மாறினால் துளை இடம் மாறும். அப்போது காலை வெட்டிவிட்டு டயலை ஒட்டுவார்கள். போன வருடம் என் மேஜைக்கு வந்த ஒரு டைவிங் வாட்சில் முள்ளைக் கழற்றியதும் டயல் தானாகச் சுற்றியது. பார்த்தால் இரட்டைப் பக்க டேப், கோந்து வியர்த்து மேல் வளையத்துக்குள் இழைந்து, மணி முள் ஏறும் சக்கரம் வரை நூல் நூலாகப் போயிருந்தது. வாங்கியவர் அந்த டயலுக்கு மட்டும் பதினைந்தாயிரம் கொடுத்திருந்தார். சுத்தம் செய்ய எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. உங்கள் டயல் நிஜமாகவே ரோலெக்ஸுக்குச் செய்த டயல் என்றால் அதன் கால் ஈட்டாவின் துளையில் இறங்காது. ஒன்று கால் வெட்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது டயல் ஈட்டாவுக்கென்றே செய்த காப்பி. இரண்டில் எதுவானாலும் “ஒரிஜினல் ட்ரிட்டியம் டயல்” என்ற விலை நியாயமில்லை. என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கான பதில் இந்த ஒரு இடத்திலேயே முடிந்துவிட்டது.

மூன்றாவது, இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் பொறித்திருக்கும் எழுத்து. ஈட்டா தன் முத்திரையையும் 2824-2 என்ற எண்ணையும் அங்கேதான் போடும். ஐ கிளாஸில் பேலன்ஸின் ஆரங்களுக்கு நடுவே தெரியும். அங்கே வெறுமையாக இருந்து, ரோட்டரில் (கை ஆடும்போது சுற்றிச் சாவி ஏற்றும் பாரத் தகடு) மட்டும் பெரிய எழுத்தில் ‘ஸ்விஸ்’ என்று செதுக்கியிருந்தால் ரோட்டரை நம்பாதீர்கள். ரோட்டர் ஒரே ஸ்க்ரூவில் மாற்றக்கூடியது. முத்திரையையும் போலியாகப் போடுகிறார்கள் என்பதால், முத்திரை இருப்பதும் நூற்றுக்கு நூறு இல்லை. எழுத்தின் விளிம்பு, ஸ்க்ரூ தலையின் பாலிஷ், சக்கரங்களைப் பிடித்திருக்கும் தகடுகளின் ஓரம் சீவியிருக்கும் விதம் இதையெல்லாம் பக்கத்தில் ஒரு நிஜ ஈட்டாவை வைத்து ஒப்பிட்டால்தான் சொல்வேன்.

தரம் என்று கேட்டீர்கள். டைம்கிராஃபரில் (டிக் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் படம் அனுப்புவார்கள், நாள் ஒன்றுக்கு இரண்டு நொடி, ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி ஆடுகிறது என்ற அளவு) 300 என்று. அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. லிஃப்ட் ஆங்கிள் என்று, மிஷினுக்கு மிஷின் மாறும் ஒரு கோண எண்ணை நாமே கருவியில் கொடுக்க வேண்டும். ஈட்டா 2824-2க்கு 50. அதைக் கூட்டி வைத்தால் ஆம்ப்ளிட்யூடும் கூடித் தெரியும். அதனால் படத்தில் அந்த எண்ணையும் பாருங்கள். முழுக்கச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தால் 270க்கு மேல் இருப்பது ஆரோக்கியம். 220க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெயே இல்லை. புது சீன மிஷின்களில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான்: பார்ட்ஸ் மோசமில்லை, எண்ணெய் மோசம். சில இடத்தில் குளமாக, சக்கர முனை உட்காரும் கல் சிலதில் சொட்டுகூட இல்லாமல். எஸ்டி2130 போன்றவற்றைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டால் பல வருடம் ஓடும். டிஜி2813க்கு அந்தக் கூலியே மிஷின் விலைக்கு மேல் போகும், புதுசு மாற்றுவதே லாபம். மியோட்டா பார்ப்பதற்கு அழகில்லை, நொடி முள் சில சமயம் தயங்கித் தயங்கிப் போகும், ஆனால் கழுதை மாதிரி உழைக்கும். என் தம்பிக்கு வாங்கிக் கொடுப்பதானால் மியோட்டாவோ சீக்கோ என்எச்35ஓ உள்ளதைத்தான் வாங்குவேன்.

இதைச் சொல்கிற நானே ஏமாந்த கதை ஒன்று. சோர் பஜார் மட்டன் தெருவில் வெள்ளிக்கிழமை விடிகாலை கூடும் சந்தையில், டார்ச் வெளிச்சத்தில், சீக்கோ 6309-7040 என்ற பழைய டைவிங் வாட்ச் ஒன்று. ஆமை ஓடு மாதிரிக் கேஸ், சாவி நாலு மணிப் பக்கம், பின்மூடியில் சீரியல் நம்பர் எல்லாம் சரி. 5,500க்கு வாங்கிவிட்டேன். மேஜைக்கு வந்து சாவியை இழுத்தேன், நொடி முள் நின்றது. வயிற்றைக் கலக்கியது. 6309 மிஷினில் சாவியை இழுத்தால் நொடி முள் நிற்காது, சாவி கொடுத்து முறுக்கவும் முடியாது, கையை ஆட்டினால்தான் ஏறும். நின்றது என்றால் உள்ளே இன்றைய சீக்கோ மிஷின் என்எச்36. கேஸும் பின்மூடியும் அசல், மிஷின் புதுசு, டயல் காப்பி. சந்தையிலேயே அந்தச் சாவியை ஒரு முறை இழுத்திருக்கலாம். ஆனால் ஒன்று, அந்த வாட்ச் இன்றும் என் மனைவியின் தம்பி கையில் ஓடுகிறது, அசல் 6309 ஓடியிருக்கக்கூடியதைவிட ஒழுங்காக. அசலும் தரமும் வேறு வேறு என்று மேலே சொன்னது இதைத்தான்.

நிச்சயமாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். செயினைக் கழற்றினால் காதுகளுக்கு நடுவே தெரியும் சீரியல் நம்பரை வைத்து வருடம் சொல்லும் பட்டியல்கள் சேர்ப்பவர்கள் தொகுத்தவை, கம்பெனி கொடுத்தவை அல்ல. ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கும். நம்பர் செதுக்கியிருக்கும் விதம் அதைவிட உபயோகம்: நல்ல செதுக்கலில் கோடு கூர்மையாக வெளிச்சத்தை வெட்டும், போலியில் ஆசிட் அரித்த மாதிரி மங்கலாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். படத்தை வைத்து டயல் அச்சைத் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. நீங்கள் அனுப்பியவை வாட்ஸ்ஆப் நசுக்கிய படங்கள், எழுத்தின் ஓரமெல்லாம் கரைந்திருக்கிறது. பெரிய இடங்களே தடுக்கி விழுந்திருக்கின்றன. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது, வாங்கியது ஒமேகாவின் சொந்த மியூசியத்துக்காக. 2023ல் அந்தக் கம்பெனியே அது பல வாட்சின் பார்ட்ஸைக் கோத்துச் செய்தது என்று சொன்னது. அதுவும் ஒரு மும்பை ஸ்பெஷல்தான், விலாசம் மட்டும் ஜெனீவா.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும். டயலில் ரோலெக்ஸ் கிரீடம் போட்ட காப்பி என்பது ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘ப்ராஜெக்ட்’, ‘டிரிப்யூட்’ என்று என்ன பெயர் வைத்தாலும் கள்ள முத்திரைதான். 1999 வணிக முத்திரைச் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகளில் இப்படி முத்திரை போடுவதற்கும் விற்பதற்கும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். வாங்கிக் கட்டுபவரைப் பிடிக்க யாரும் வரப்போவதில்லை. ஆனால் நாளைக்கு நீங்கள் அதை இன்னொருவருக்கு விற்றால் அந்தப் பிரிவு உங்கள் பக்கம் திரும்பும். நான் பேட்டரி போடுவேன், ஸ்ட்ராப் மாற்றுவேன், ஆனால் கிரீடம் போட்ட காப்பிக்கு டயலும் முள்ளும் தேடிக் கொடுப்பதில்லை. வந்து கேட்டு முகம் சுளித்துப் போனவர்கள் உண்டு.

ஆக, என் கணக்கு. பெசல் இன்றைய பாணி. டயல் ட்ரிட்டியமாக இருக்க வழி மிகக் குறைவு, இருந்தாலும் கால் வெட்டியது. மிஷின் மட்டும் திறந்து பார்க்க வேண்டிய சந்தேகம். நிஜ ஈட்டாவாக இருந்து, கேஸ் நல்ல ஸ்டீலாக இருந்தால்கூட, பார்ட்ஸ் மதிப்பு அந்த விலையில் பாதியைத் தொடுமா என்பது எனக்குச் சந்தேகம். அந்தப் பணத்துக்கு, தன் பெயரையே டயலில் போட்டுக்கொண்டு இதே பழைய உருவத்தில் வாட்ச் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. சீக்கோவிலேயே அசல் டைவிங் வாட்ச் புதுசாகக் கிடைக்கும்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வாட்ச் வந்ததும் தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள். டயலில் 200 மீட்டர் என்று எழுதியிருப்பது வெறும் மை. டைவிங் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில் சொன்ன ஆழத்துக்கு மேலும் கால் பங்கு அழுத்தம் கூட்டி ஒவ்வொரு வாட்சையும் சோதிப்பார்கள். இதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் கண்ணாடி அழுத்தி உட்கார்ந்திருப்பதாலும், சாவிக் குழாயில் வாஷர் இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாததாலும், பிரஷர் டெஸ்ட் மெஷின் உள்ள கடையில் முதலில் மூன்று பார் (அழுத்த அளவு) காற்றில் வைத்துப் பாருங்கள், நேராகத் தண்ணீரில் வேண்டாம். அந்தத் தரத்திலேயே இருக்கும் ஒரு சின்னச் சோதனையை வீட்டிலும் செய்யலாம்: வாட்சை நாற்பது நாற்பத்தைந்து டிகிரிச் சூட்டில், அதாவது கை பொறுக்கும் சூட்டில், கொஞ்ச நேரம் வைத்து, கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்திருந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அன்றைக்கே திறந்து காய வைக்க வேண்டும். மாட்டுங்கா பக்கம் வந்தால் என் மேஜையிலேயே திறந்து பார்த்துவிடலாம், உங்கள் கண் முன்னால். வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானத்துக்கு மேல் வாருங்கள், காலையில் நான் மட்டன் தெருவில் இருப்பேன்.